கேள்வி தயாராகும்போது யாரும் வருவதில்லை

2009 நவம்பர் 16 அன்று அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பரிந்துரை வெளியானது. நாற்பதுகளில் உள்ள பெண்கள் எல்லோரும் வழக்கமாக மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே) எடுக்க வேண்டியதில்லை, 50 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்பது அதன் சாரம். வெளியிட்டது அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைப் பணிக்குழு. 1984-இல் தொடங்கிய இந்தக் குழுவில் 16 மருத்துவ நிபுணர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. அதுவரை குடும்ப மருத்துவர்கள் வட்டத்துக்கு வெளியே அதன் பெயரை அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அன்று மாலைக்குள் நாடே அதைத் திட்டிக்கொண்டிருந்தது. மருத்துவ அறிக்கைகளின் வரைவைக் காட்டிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது எதற்கு என்று பார்க்க, இங்கிருந்து தொடங்கலாம்.

நேரம் அப்படி. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபறியில் இருந்தது. செலவைக் குறைக்கப் பெண்களின் பரிசோதனையில் கை வைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சி சொல்ல, அதை நம்பப் பலர் தயாராக இருந்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் கேத்லீன் செபிலியஸ், அந்தக் குழு அரசின் கொள்கையை முடிவு செய்வதில்லை என்று அவசரமாக அறிவித்து ஒதுங்கிக்கொண்டார். டிசம்பர் தொடக்கத்தில் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு, பணிக்குழுவின் துணைத் தலைவர் டயானா பெடிட்டி உள்ளிட்டோரைக் கூப்பிட்டு விசாரித்தது. சொன்ன விதம் சரியில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

உண்மையில் தவறு எங்கே இருந்தது? அந்தப் பரிந்துரையில் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள் இருந்தன. முதலாவது, 40 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்று பரிந்துரைக்கிறோம் என்றது. இரண்டாவது, 50-க்கு முன் தொடங்குவது அவரவர் நிலையைப் பொறுத்து அந்தப் பெண்ணே எடுக்கவேண்டிய முடிவு என்றது. முதல் வாக்கியத்தைப் படித்தவர்கள் இரண்டாவதற்குப் போகவே இல்லை. சில வாரங்களில் குழு முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டது. ஆதாரத்தின் ஒரு வரிகூட மாறவில்லை, கொடுத்த 'சி' தரமும் (எல்லோருக்கும் அல்ல, ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பது அதன் பொருள்) மாறவில்லை. இதை வெளியில் ஒரு நூறு பேரிடம் முன்கூட்டியே காட்டியிருந்தால், அந்த வாக்கியம் முதல் வாரத்திலேயே மாட்டியிருக்கும். ஆனால் காட்டும் வழக்கமே அப்போது கிடையாது.

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 2010 மார்ச்சில் நிறைவேறிய காப்பீட்டுச் சட்டம், இதே குழு 'ஏ' அல்லது 'பி' தரம் கொடுக்கும், அதாவது செய்யச் சொல்லும், பரிசோதனைகளை நோயாளியிடம் காசு வாங்காமல் காப்பீட்டு நிறுவனங்கள் தரவேண்டும் என்றது. அதே சட்டம், மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் மட்டும் '2009 நவம்பரிலோ அதையொட்டியோ' வந்த பரிந்துரையைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றும் எழுதிவைத்தது. ஒரு மருத்துவக் குழுவின் பேச்சுக்குச் சட்ட பலம் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் அதன் ஒரு பேச்சை மட்டும் தள்ளிவைத்த சட்டம். இப்படித் தேதி போட்டு ஒதுக்கப்பட்ட மருத்துவப் பரிந்துரை வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

வெறும் ஆலோசனையாக இருந்தது பணத்தைத் தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது. அந்த 2010-லேயே குழு தன் வரைவுப் பரிந்துரைகளை நான்கு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் கடைசியில், எந்தக் கேள்விகளை ஆராயப்போகிறோம் என்று சொல்லும் ஆராய்ச்சித் திட்ட வரைவுகளும் வெளியில் வந்தன.

கருத்துக் கேட்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்டு நடக்கும் சுற்றுச்சூழல் அனுமதிக் கூட்டம்தான். மைக்குக்கு அடிதடி, போலீஸ் பாதுகாப்பு, கடைசியில் யார் என்ன சொன்னார்கள் என்பதே தெரியாத ஒரு பதிவேடு. மருத்துவ அறிக்கைகளில் பந்தல் இல்லை. ஒரு வரைவு, ஒரு கெடு, எழுதி அனுப்ப ஒரு படிவம், அவ்வளவுதான். ஆனால் எத்தனை முறை கேட்கிறார்கள், எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆதார அறிக்கை வேறு, பரிந்துரை வேறு. ஆதார அறிக்கை என்பது ஒரு கேள்வியைப் பற்றி உலகில் வெளிவந்த ஆய்வுகளைத் தேடி, வடிகட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்று எடைபோட்டு, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வது. அமெரிக்காவில் இதைச் செய்பவை பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் இயங்கும் ஆதார மையங்கள். ஏ.எச்.ஆர்.க்யூ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுகாதார ஆய்வு, தர முகமை அவற்றுக்குப் பணம் கொடுத்து 1997 முதல் நடத்திவருகிறது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள்' என்று சொல்வது பரிந்துரை. அதைச் சொல்பவர் வேறு ஆள்: பணிக்குழுவோ, ஒரு மருத்துவர் சங்கமோ, அரசுத் துறையோ. மையத்தின் அறிக்கையைப் பரிந்துரை என்று நினைத்துத் திட்டுபவர்கள் ஏராளம்.

ஆதார அறிக்கையில் பொதுமக்களுக்குக் கதவு மூன்று இடத்தில் திறக்கிறது. இந்தத் தலைப்பை ஆராயுங்கள் என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம், இது முதலாவது. எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை தேடப்போகிறோம் என்ற வரைவு பார்வைக்கு வருவது இரண்டாவது. எழுதி முடித்த அறிக்கையின் வரைவு வருவது மூன்றாவது. துறை வல்லுநர்களிடம் தனியாகக் கேட்கும் மதிப்பீடும் இந்த மூன்றாவது கட்டத்தில் நடக்கும், ஆனால் அது பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து வேறு.

இவற்றில் இரண்டாவது கதவுதான் பெரியது, கூட்டம் குறைவாக இருப்பதும் அங்கேதான். ஏன் என்று புரிகிறது. கேள்விப் பட்டியலைப் பார்த்து யாருக்கும் கோபம் வராது. ஆனால் 'இந்த மருந்து வேலை செய்கிறதா' என்பது இந்த உலகத்தில் ஒரு கேள்வியே இல்லை. யாருக்கு, எதோடு ஒப்பிட்டு, எதை வைத்து அளந்து என்று சொன்னால்தான் கேள்வி. அந்த மூன்றையும் முடிவு செய்த கையோடு பாதி விடை முடிவாகிவிடுகிறது.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இதற்கு நல்ல உதாரணம். 'இது புற்றுநோயைக் கண்டுபிடிக்கிறதா' என்று கேட்டால், ஆம், தாராளமாகக் கண்டுபிடிக்கிறது. 'சோதித்தவர்களில் சாவு குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, அதைத் தொடரும் சிகிச்சையால் எத்தனை பேர் சிறுநீர் அடக்க முடியாமலும் ஆண்மை இழந்தும் போகிறார்கள்' என்று கேட்டால் விடையே வேறு. பணிக்குழு இரண்டாவது விதமாகக் கேட்டது. 2011 அக்டோபரில் வந்த வரைவில் அந்தப் பரிசோதனைக்குக் கிடைத்தது 'டி' தரம், அதாவது செய்ய வேண்டாம். சிறுநீரக அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். எதிர்ப்பு குவிந்தது. 2012 மே மாதம் வந்த இறுதி அறிக்கையிலும் அதே 'டி'. 2018-இல்தான் 55 முதல் 69 வயதுள்ளவர்களுக்கு அது 'சி' ஆனது. அதற்குக் காரணம் ஐரோப்பிய ஆய்வின் நீண்டகால முடிவுகள் வந்ததும், கண்டுபிடித்த உடனே அறுக்காமல் கண்காணித்துக் காத்திருக்கும் பழக்கம் பரவியதும். கோபத்தின் எடை அந்தத் தராசில் ஏறவில்லை, ஏறக்கூடாதுதான். மேமோகிராமும் அப்படியே: 2016-இல் மறுபடி 'சி', 2024 ஏப்ரலில் 40 வயதிலிருந்தே 'பி'.

அப்படியானால் கருத்துக் கேட்பு ஒரு சடங்கா? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்காததற்குக் காரணம் ஒரு சலிப்பூட்டும் அட்டவணை.

ஏ.எச்.ஆர்.க்யூ. இறுதி அறிக்கை வெளியான பிறகு இன்னொரு ஆவணத்தையும் வெளியிடுகிறது. வந்த ஒவ்வொரு கருத்தும் ஒரு வரிசை. யார் சொன்னது, அறிக்கையின் எந்தப் பகுதியைப் பற்றி, என்ன சொன்னார், ஆசிரியர்கள் கொடுத்த பதில் என்ன. சில அறிக்கைகளுக்கு இது பல பத்துப் பக்கம் போகும். பெரும்பாலான பதில்கள் சப்பென்று இருக்கும்: நன்றி, இது எங்கள் வரையறைக்குள் வராது, அந்த ஆய்வு எங்கள் தகுதி விதிகளில் தேறவில்லை. நடுநடுவே ஒன்று வரும்: நீங்கள் சொன்னது சரி, அந்த ஆய்வை விட்டுவிட்டோம், சேர்த்துவிட்டோம். ஒரு அரசு ஆவணத்தில் 'விட்டுவிட்டோம்' என்று அச்சில் வருவது லேசான காரியமில்லை. அதோடு, ஒரு நிறுவனம் தன் மருந்தைப் பற்றி என்ன வாதாடியது, அது ஏன் எடுபடவில்லை என்பதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தாழ்வாரத்தில் நடந்த பேச்சு காகிதத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த முகமை இப்படிப் பதிவு செய்து வைப்பதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு முதுகுவலி அரசு அமைப்பையே படுக்க வைத்த கதை.

முகமையின் முந்தைய வடிவம் 1989-இல் பிறந்தது, அதன் வேலைகளில் ஒன்று சிகிச்சை வழிகாட்டிகள் எழுதுவது. 1994 டிசம்பரில் திடீர் முதுகுவலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும், அவசரப்பட்டுப் படம் எடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவை என்று அது சொன்னது. இன்றைக்கு எந்த மருத்துவரும் இதை மறுக்க மாட்டார். அன்று முதுகெலும்பு அறுவை மருத்துவர்கள் சிலர் போர்க்கொடி தூக்கினார்கள். முதுகெலும்பில் பொருத்தும் திருகுகளைத் தயாரிக்கும் சோஃபமோர் டானெக் நிறுவனம் வழக்குப் போட்டது. வழிகாட்டியை எழுதிய குழு அரசு ஆலோசனைக் குழுக்களுக்கான வெளிப்படைச் சட்டத்தைப் பின்பற்றவில்லை என்பதும் அதன் வாதங்களில் ஒன்று. வழக்கு தோற்றது. ஆனால் 1995-இல் பிரதிநிதிகள் சபை முகமைக்கான பணத்தை மொத்தமாக நிறுத்தும் அளவுக்குப் போனது. கடைசியில் முகமை பிழைத்தது, நிதியில் பெரிய வெட்டோடு. வழிகாட்டி எழுதும் வேலையை 1996-இல் கைவிட்டது. 1999-இல் பெயரும் மாறியது. பழைய பெயரில் இருந்த 'கொள்கை' என்ற சொல் புதிய பெயரில் இல்லை.

ஆதார மையங்கள் 1997-இல் பிறந்தது இந்த அடிக்குப் பிறகுதான். 'என்ன செய்யவேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை, என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்கிறோம்' என்ற பிரிவினை, அறிவியல் முறையியல் மட்டும் பார்த்து வந்ததல்ல. அடி வாங்கியவன் கற்றுக்கொண்ட எச்சரிக்கையும் அதில் கலந்திருக்கிறது.

இனி கருத்துக் கேட்பு கடைசியில் முறைப்படி நடந்தும் கேட்கத் தவறிய ஒரு கதை. ஓபியாய்டு வலிநிவாரணிகள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான உயிர்களை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி தயாரித்தது. 2015 செப்டம்பரில் இணையவழிக் கூட்டம் ஒன்றில் வரைவைக் காட்டிவிட்டு, கருத்துச் சொல்ல இரண்டே நாள் கொடுத்தது. ஆலோசகர்களின் பெயர்களும் முதலில் வெளியில் வரவில்லை. எதிர்ப்பும் வழக்கு மிரட்டலும் வந்தபின் டிசம்பர் 14-இல் அரசிதழில் போட்டு முப்பது நாள் கொடுத்தார்கள். 4,350-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து விழுந்தன. மாத்திரைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் எழுதினார்கள், அந்த மாத்திரை இல்லாவிட்டால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவர்களும் எழுதினார்கள்.

வரைவில் ஓர் எண் இருந்தது. ஒரு நாளுக்கு 90 மில்லிகிராம் மார்பினுக்குச் சமமான அளவு. அதைத் தாண்டுவதைத் தவிருங்கள். அளவு கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருந்தது. பல ஆண்டுகளாக அதைவிட அதிகம் சாப்பிட்டுவரும் ஒருவருக்குக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் மிகவும் கொஞ்சம். இந்த எண் சட்டமாகிவிடும், காப்பீட்டுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் நோயாளிகளிடம் இருந்தது. 2016 மார்ச்சில் வந்த இறுதி வழிகாட்டியிலும் 90 இருந்தது.

பயந்தது நடந்தது. ஆலோசனையாகச் சொன்ன எண் மாநிலச் சட்டங்களிலும் காப்பீட்டு விதிகளிலும் உச்சவரம்பாக உட்கார்ந்துகொண்டது. சில மருத்துவர்கள் பழைய நோயாளிகளின் மருந்தைத் திடீரென்று வெட்டினார்கள். 2019 ஏப்ரலில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று எச்சரித்தது. அதே மாதம், எழுதியதை மிஞ்சிப் பயன்படுத்துகிறார்கள் என்று வழிகாட்டியின் ஆசிரியர்களே எழுத வேண்டிவந்தது. திருத்திய வழிகாட்டிக்கு 2022 பிப்ரவரியில் அறுபது நாள் அவகாசம் கொடுத்தார்கள், சுமார் 5,500 கருத்துகள் வந்தன. நவம்பரில் வெளியான இறுதி வடிவத்தில் பரிந்துரை வாக்கியங்களில் அந்த எண் இல்லை.

இந்தக் கதையில் சங்கடமான இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2016 வழிகாட்டியின் வரைவுக்குக் கருத்து அனுப்பிய அமைப்புகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், ஓபியாய்டு நிறுவனங்களிடம் பணம் வாங்கிய அமைப்புகள் மற்றவற்றைவிட அதிகமாக எதிர்த்ததைக் கண்டார்கள். தங்கள் கருத்துக் கடிதத்தில் அவை அந்தப் பணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அப்போ நோயாளிகளின் பயம் விலைக்கு வாங்கப்பட்டதா? கிடையாது. பயந்தது நடந்தே விட்டது. ஒரே வாதத்தை வலியில் இருப்பவரும் எழுதினார், வலியில் காசு பார்ப்பவரும் எழுதினார். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதாலும் இது தீராது, யார் சொன்னார் என்று மட்டும் பார்ப்பதாலும் தீராது. வாதத்தை எடுத்து ஆதாரத்தோடு ஒட்டிப் பார்க்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரமும் வேண்டும். 4,350 கருத்துகள் குவிந்த கெடு 2016 ஜனவரி நடுவில் முடிந்தது. மார்ச் நடுவில் வழிகாட்டி வெளிவந்துவிட்டது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கதை எம்.இ. என்றும் நாட்பட்ட சோர்வு நோய் என்றும் அழைக்கப்படும் நோயைப் பற்றியது. பெயரைக் கேட்டால் ஏதோ அசதி போலத் தோன்றும். நோயாளிகள் சொல்வது வேறு: கொஞ்சம் உடம்பை வருத்தினாலும் மறுநாளோ அதற்கு மறுநாளோ மொத்தமாகச் சரிந்துவிடுகிறோம். 2014 செப்டம்பரில் ஏ.எச்.ஆர்.க்யூ.வின் வரைவு அறிக்கை வந்தபோது, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையால் சிலருக்குப் பலன் உண்டு என்று அதில் இருந்தது. நோயாளிகளின் எதிர்ப்பு ஒரு புள்ளியில் குவிந்தது. 1991-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு வரையறை, ஆறு மாதம் சோர்வு இருந்தாலே இந்த நோயாளி என்று கணக்கிட்டது. உழைப்புக்குப் பின் சரிவது அதில் கட்டாயமில்லை. அப்படியானால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இது ஆதாரத்தை மறுக்கும் வாதமில்லை. 'யாருக்கு' என்ற கேள்வியைத் திருத்தச் சொல்லும் வாதம். 2014 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கை அந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டது. 2016 ஜூலையில் முகமை ஒரு பிற்சேர்க்கை வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு வரையறையில் நடந்த ஆய்வுகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே ஆய்வுகள், அதே கணக்கு, கேள்வியில் ஒரு சொல் மாறியது.

பிரிட்டனில் இதே சண்டை வேறு மாதிரி நடந்தது. அங்கே நைஸ் என்ற அமைப்பு வழிகாட்டிகளை எழுதுகிறது. பதிவு செய்துகொண்ட அமைப்புகளின் கருத்துக்குத்தான் அங்கே முறையான பதில் கிடைக்கும். 2007 வழிகாட்டி அந்த உடற்பயிற்சிச் சிகிச்சையை லேசான, நடுத்தரப் பாதிப்புள்ளவர்களுக்குப் பரிந்துரைத்திருந்தது. 2020 நவம்பரில் வந்த புதிய வரைவு அதைக் கைவிட்டது. இறுதி வடிவம் 2021 ஆகஸ்ட் 18 அன்று வருவதாக இருந்தது. முந்தின நாள் நிறுத்தினார்கள். இந்தமுறை ஒப்புக்கொள்ளாதவர்கள் மருத்துவர்களின் சங்கங்கள். கருத்துச் சொல்லும் கெடு முந்தைய டிசம்பரிலேயே முடிந்திருந்தது. கெடு முடிந்தபின் கதவைத் தட்டினால் திறக்கும் ஆட்களும் இருக்கிறார்கள் என்பது இதில் தெரிந்தது. அக்டோபர் 18-இல் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள், 29-இல் வெளியிட்டார்கள், உடற்பயிற்சிச் சிகிச்சை திரும்ப வரவில்லை.

செய்தியானது அந்த ஆகஸ்ட் நிறுத்தம்தான். ஆனால் 2017 ஜூலையில் நைஸ் ஒரு சின்ன வரைவைக் கருத்துக்கு வைத்திருந்தது. அதில் சிகிச்சையும் இல்லை, பரிந்துரையும் இல்லை. பழைய 2007 வழிகாட்டியைத் திருத்தத் தேவையில்லை என்று நினைக்கிறோம், என்ன சொல்கிறீர்கள் என்று மட்டும் கேட்டது. நோயாளி அமைப்புகள் அதற்கும் வரிந்து கட்டிக்கொண்டு எழுதின. செப்டம்பரில் நைஸ் முடிவை மாற்றிக்கொண்டு, முழுவதுமாகத் திருத்துவோம் என்று அறிவித்தது. அந்தச் சின்ன வரைவுக்கு யாரும் எழுதாமல் விட்டிருந்தால், 2020-இல் சண்டை போட ஒரு வரைவே இருந்திருக்காது.